லினக்ஸ் இயங்குதளமும் அன்றாட வழக்கும்

கணினியைக் கையாளுவோர் பலரும் தாம் எழுதும் கட்டுரையையும் காணும் படத்தையும் அறிவரேயன்றி, அவற்றையெல்லாம் தாங்கிநிற்கும் இயங்குதளம் யாது என்று உசாவுவதிலர். அது வியப்பன்று. வீட்டிற் குடியிருப்போர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. சுவரில் வெடிப்புக் கண்டபோதே அந்நினைவு வரும். எமக்கு அவ்வெடிப்பு 2025-ஆம் ஆண்டிற் காணலாயிற்று. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வாண்டு அக்டோபர் மாதம் 14-ஆம் நாளோடு நின்றுவிடும் என்று, அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் முன்னரே அறிவித்திருந்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, புதிய செயலியையும் டி.பி.எம். 2.0 எனப்படும் காப்புச் சில்லையும் வேண்டிநிற்பது. எமது துறையிலிருந்த ஏழு கணினிகளுள் ஆறு அத்தகுதி பெற்றில.

"அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்றார் நண்பரொருவர். அவர் கூறியது பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயின், வேடசந்தூர், நத்தம், வத்தலக்குண்டு முதலிய ஊர்களினின்றும் பேருந்தேறி வரும் எம் மாணாக்கருட் பலர்க்கு வீட்டிற் கணினி இல்லை. அவர்தம் ஆய்வேடுகள் அந்த ஆறு பொறிகளிலேயே எழுதப்படுவன. புதியன வாங்கப் பொருளும் இல்லை. ஆகவே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்றி அவற்றை ஓட்டிப் பார்ப்பதெனத் துணிந்தோம். அத்துணிவால் யாம் பெற்றதும் இழந்ததும் ஈண்டு உரைப்பாம்.

லினக்ஸின் வரலாறு நெடியதன்று. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதுபோன்றதொன்றை, யாவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுடையதாக ஆக்கவேண்டுமென்று 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தில் கருவிகள் பல உருவாயினவேனும், யாவற்றையும் ஆளும் உட்கரு நிறைவெய்தவில்லை. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதை அறிவித்தார். அவர் எழுதியதே அக்குறையை நிரப்பிற்று. 1992-இல் அதனை க்னூவின் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். லினக்ஸ் என்று யாம் சுருங்கக் கூறுவது இவ்விரண்டன் கூட்டினையே. இன்று மாணாக்கர் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. உலகின் முதல் 500 மீக்கணினிகளும் 2017 நவம்பர் முதல் அதனாலேயே இயங்குகின்றன. மேசைக் கணினியில் மட்டும் அது சிறுபான்மையாய் நிற்பது ஏன் என்னும் ஐயம் எமக்கு முதலிலேயே இருந்தது. சில மாதங்களில் விடை தானே புலப்பட்டது.

மேற்கூறிய உரிமத்தின் இயல்பைப் பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லினர்க்கு விளக்கல் எளிது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பூட்டைப் பட்டறையிற் கொடுத்தால், தொழிலாளி அதனைப் பிரித்து, தேய்ந்ததை அராவி, மீளப் பொருத்தித் தருவார். சாவி தொலைந்ததெனின் வேறு சாவி செய்வார். உள்ளமைப்பு அவர் கண்முன் கிடத்தலே அதற்குக் காரணம். மூடிய மென்பொருளோ, உட்புறம் உருக்கி அடைக்கப்பட்ட பூட்டுப் போல்வது. விலைகொடுத்தவர் திறக்கலாம், மூடலாம், பிரித்தல் கூடாது. செய்தவர் "இனிப் பழுது பார்க்கமாட்டோம்" என்று கூறிவிடின் மேற்கொண்டு வழியில்லை. லினக்ஸைப் பிரித்துப் பார்க்க எவர்க்கும் உரிமையுண்டு. நம்முள் எத்தனைபேர் பிரித்துப் பார்க்கப் போகிறோம் என்று வினவுவீராயின், எம் துறையில் ஒருவருமிலர் என்பதே உண்மை. ஆயினும், பிரிக்க வல்லார் உலகில் எங்கேனும் சிலர் இருப்பரேல், பழைய பொறிகளுக்கும் திருத்தம் வந்துகொண்டிருக்கும். எமக்கு வேண்டியது அவ்வளவே.

லினக்ஸ் ஒன்றாயினும் அதனை வழங்குவோர் பலர். 1993-இல் தோன்றிய டெபியன், அதனின்று 2004-இல் கிளைத்த உபுண்டு, உபுண்டுவினின்று 2006-இல் பிறந்த லினக்ஸ் மின்ட் என அது விரியும். புதியவர் இப்பெருக்கத்தைக் கண்டே மயங்குவர். சீரகச் சம்பா அரிசி ஒன்றே. நம்மூரிற் பிரியாணிக் கடைகள் எத்தனை! அதற்கு அஞ்சி எவரும் பசியோடிருப்பதில்லை. யாம் மின்ட்டை, எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எளிய முகப்போடு தேர்ந்தோம். நான்கு ஜிபி நினைவகமுடைய பொறிகளில் அது தடுமாறாது ஓடுகின்றது. பழைய சுழல் வட்டுக்களை நீக்கி எஸ்.எஸ்.டி. வட்டுக்கள் பொருத்தியதும் அவ்வேகத்திற்கு ஒரு காரணம் என்பதை மறைத்தல் முறையன்று; வேகம் முழுவதும் லினக்ஸின் கொடை என்று சில அன்பர் கூறுவது மிகை.

முதல்நாளே இடர் தொடங்கிற்று. பொறி இரண்டில் வைஃபை தெரியவில்லை. வைஃபைச் சில்லுக்குரிய இயக்கியை இணையத்தினின்றும் எடுத்தல் வேண்டும். இணையமோ வைஃபை இருந்தாலன்றி வாராது. கிணற்றைத் திறக்கும் சாவி கிணற்றினுள்ளேயே கிடந்த கதையாயிற்று. மாணாக்கரொருவர் தம் கைப்பேசியை யு.எஸ்.பி. வடத்தாற் கணினியிற் செருகி, 'டெதரிங்' என்பதைத் தொட்டார். இணையம் வந்தது, இயக்கியும் இறங்கிற்று. ஆசிரியர்களாகிய யாம் அரைநாள் எண்ணியும் எமக்கு அது தோன்றவில்லை.

நிற்க. தமிழெழுதுதலே எமக்கு முதன்மையான தொழிலாதலின், அதனை விரித்துரைப்பாம். உலக மொழிகளின் எழுத்துக்கட்கெல்லாம் தனித்தனி எண் வகுக்கும் ஒருங்குறி முறையின் முதற் பதிப்பிலேயே, 1991-இல், தமிழும் இடம்பெற்றது. இன்றைய லினக்ஸ் வழங்கல்களில் தமிழைப் படித்தற்குத் தடையே இல்லை. எழுதுதற்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியை நிறுவி, அதில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தோம். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு ஏற்ற பலகை அதுவே. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துக்களைக் கொண்டே 247-ஐயும் அதில் ஆக்கலாம். உயிர்கள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன.

அதன் நுட்பம் இலக்கணத்தோடு இயைந்தது. ஒரே மெய்யை இருமுறை தட்டின், முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்றெழுத, அ, ம, ம, ஆ என நான்கு தட்டுக்கள் போதும். மெல்லினத்தின்பின் அதன் இனவல்லினம் வரினும் அவ்வாறே. 'திண்டுக்கல்' என்னும் நம்மூர்ப் பெயரைப் பார்க்க: த, இ, ண, ட, உ, க, க, ல, புள்ளி என ஒன்பதே தட்டுக்கள். ணகரத்தின் புள்ளியும் முதற் ககரத்தின் புள்ளியும் தாமே அமைந்தன. ஈற்று லகரத்திற்கு மட்டும் நாம் இடல் வேண்டும். இனவெழுத்து, ஒற்று மிகுதல் என்பனவற்றை வகுப்பறையிற் சுமையென எண்ணிய மாணாக்கர், இப்பலகையிற் பத்துநாள் பழகியபின் அவற்றை விரலால் அறிந்தனர். ஆங்கில எழுத்தின் ஒலிவழித் தமிழ் தட்டுவோர் இதற்கு மாற எளிதில் உடன்படுவதில்லை என்பதையும் கூறல் வேண்டும். அவர்க்கு அப்பலகையும் ஐபஸில் உண்டு.

முகப்பு முழுவதையும் தமிழில் அமைத்தும் பார்த்தோம். தன்னார்வலர் பல்லாண்டு உழைத்துச் செய்த மொழிபெயர்ப்பு அது. ஆயின் மாணாக்கர் இரண்டே நாளில் ஆங்கிலத்திற்கு மாற்றிக்கொண்டனர். 'ஃபைல்' என்று கற்றவர்க்குக் 'கோப்பு' என்னும் சொல் கண்ணிற் படுவதில்லையாம். எமக்கு இதில் வருத்தமே.

இனி, எமக்கு நேர்ந்த பெரிய கலக்கத்தைக் கூறுவாம். எம் துறை ஆசிரியரொருவர் சிறுமலை அடிவாரத்து ஊர்களிற் பதினைந்தாண்டுகளாகச் சேர்த்த நாட்டார் பாடல்களைக் கோப்புக்களாகத் தட்டச்சிட்டு வைத்திருந்தார். பாடிய மூதாட்டியருட் சிலர் இன்று இல்லை. ஒலிப்பதிவுகளும் பல கெட்டொழிந்தன. அக்கோப்பை லினக்ஸ் பொறியில் திறந்தபோது, திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தோன்றின. அவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். "என் பாட்டையெல்லாம் இது தின்றுவிட்டதே" என்றார். அன்று மாலையே பழைய விண்டோஸுக்குத் திரும்புவதெனத் துறையிற் பேச்செழுந்தது.

உண்மையில் ஓரெழுத்தும் கெடவில்லை. ஒருங்குறி வழக்கிற்கு வருமுன், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிடுவது வழக்கம். அவை ஆங்கில எழுத்தின் எண்ணுக்குரிய இடத்திலே தமிழெழுத்தின் வடிவை வரைந்து வைப்பன. கோப்பினுள் இருப்பது ஆங்கில எண்ணே. அந்த எழுத்துரு இருக்கும் பொறியில் மட்டும் அது தமிழாகத் தோன்றும். அவ்வெழுத்துரு இல்லாத புதிய விண்டோஸ் கணினியிலும் இதே குழப்பம் நேர்ந்திருக்கும். எனினும், கலங்கிய உள்ளத்திற்கு அவ்விளக்கம் போதுமா? எழுத்துருவை நிறுவிக் காட்டிய பின்னரே அவர்க்கு உயிர் வந்தது.

பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றலானோம். இதற்கெனக் கட்டற்ற மென்பொருள்கள் உள. ஓப்பன்-தமிழ் என்னும் நிரல்தொகுப்பிலும் அத்தகைய மாற்றி உண்டு. ஆயின் மாற்றுதல் வெறும் எழுத்துக்கு எழுத்து வைத்தலன்று. பழைய முறையில் 'கொ' என்பதற்கு முதலிற் கொம்பு, பின் ககரம், பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகள். ஒருங்குறியிலோ ககரம் முன்னும், ஒகரத்தின் குறி பின்னுமாக இரண்டே. மாற்றி அவ்வரிசையை அறிந்து திருப்புதல் வேண்டும். தட்டச்சிட்டவர் காலுக்குப் பதில் ரகரத்தை இட்டிருந்த இடங்களில் அது தவறிற்று. அப்பிழைகளை மாணாக்கர் நால்வர் மூன்று வாரம் இருந்து திருத்தினர். இப்பொழுது அப்பாடல்களுள் எச்சொல்லையும் தேடிப் பெறலாம்; கைப்பேசியிலும் படிக்கலாம். பதினைந்தாண்டுக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டது அதுவே முதன்முறை என்றார் ஆசிரியர்.

இந்நிகழ்ச்சியால், எமது முதல் ஐயத்திற்கு விடை கிடைத்தது. லினக்ஸைத் தன்னளவிற் கையாளுதல் அரிதன்று. பிறர் வேறொன்றிற்கெனச் செய்தவற்றை அதில் ஏற்றலே அரிது. லிப்ரெஆபீஸிற் செப்பமாக இரண்டு பக்கத்தில் அமைத்த விண்ணப்பம், கடையிற் கொண்டு அச்சிடுகையில் மூன்று பக்கமாகும். விண்டோஸிலுள்ள லதா எழுத்துரு லினக்ஸில் இல்லை. லினக்ஸிலுள்ள லோகித் எழுத்துருக் கடையில் இல்லை. எழுத்தின் அகலம் வேறுபட வரி ஓடிவிடும். பி.டி.எஃப். ஆக்கிக் கொடுப்பின் இத்தொல்லை இல்லை. ஆனால் "வேர்டு கோப்பாகவே அனுப்புக" என்று வற்புறுத்தும் அலுவலகங்கள் எத்துணையோ!

கடையினின்றும் திரும்பும் பென்டிரைவ் தனிக்கதை. அதனுள் வைரஸ் புகுந்து, உண்மையான கோப்புறைகளை மறைத்து, அவற்றின் பெயரிலேயே போலிக் குறுவழிகளை வைத்துவிடும். விண்டோஸிற் காண்போர் போலியைத் திறந்து தம் பொறியையும் கெடுப்பர். லினக்ஸில் அதனைச் செருகினால், மறைத்தவையும் போலிகளும் அருகருகே வெளிப்படையாகத் தோன்றும். விண்டோஸுக்குரிய மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. அக்குறுவழியும் இங்கே ஓடாது. இதனால் எம் துறை அறை இப்பொழுது ஏனைத் துறையினர்க்கும் பென்டிரைவ் மருத்துவசாலை ஆகிவிட்டது. லினக்ஸிற்கு வைரஸே வாராது என்று சிலர் கூறுவது பொருந்தாது. வருவன அரிய, அவ்வளவே. வேண்டிய மென்பொருளைக் கண்ட தளத்திலெல்லாம் தேடாமல், வழங்குவோர் கையொப்பமிட்டு வைத்திருக்கும் களஞ்சியத்தினின்றே எடுத்தல் அதற்கு ஒரு பெருங்காரணம்.

கோடையில் மின்சாரம் அடிக்கடி நிற்கும் அறையில் யு.பி.எஸ். இன்றி இரு பொறிகள் உள. அவை இதுகாறும் கோப்புக்குலைவு அடைந்தில. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்னும் கோப்புமுறை, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை வணிகர் முதலிற் சிட்டையிற் குறித்துப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவது போல, செய்யப்போகும் மாற்றத்தை ஒரு குறிப்பிற் பதிந்தபின்னரே உரிய இடத்தில் எழுதும். இடையில் மின்சாரம் நின்றால், மீண்டெழும்போது சிட்டையைப் பார்த்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும். விண்டோஸின் கோப்புமுறையும் இத்தகையதே. இதில் ஏற்றத்தாழ்வு கற்பிக்க யாம் விரும்பவில்லை. சேமியாது விட்ட பக்கத்தை எச்சிட்டையும் மீட்டுத் தாராது என்பதை ஆய்வேடு எழுதுவோர் நினைவிற் கொள்க.

ஒரு பொறியில் மட்டும் பழைய விண்டோஸையும் ஒருபுறம் இருத்தியிருந்தோம். அதன் கடிகாரம் சிலநாள் ஐந்தரை மணி பிந்திக் காட்டிற்று. பொறியினுள்ளிருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரத்தில் வைக்கும்; விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமெனப் படிக்கும். நம் நாடு பொதுநேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது. ஒரே கடிகாரத்தை இருவர் இருமொழியிற் படித்ததன் விளைவு அது. லினக்ஸில் ஒருவரிக் கட்டளையால் அதனைச் சரிசெய்தோம். அதற்குள் பேய்க்கதை ஒன்று விடுதிவரை பரவிவிட்டது.

யாம் செய்த பிழையொன்றையும் ஒளியாது கூறுதல் முறை. மாணாக்கி ஒருவர் தம் பழைய மடிக்கணினி மிக மெல்ல ஓடுகின்றதென்று கொண்டுவந்தார். விண்டோஸை முற்றும் நீக்கி லினக்ஸை ஏற்றிக் கொடுத்தோம், மகிழ்ந்து சென்றார். இரண்டு திங்கள் கழித்து, வீட்டிலிருந்தே எழுதும் இணையவழித் தேர்வொன்று அவர்க்கு வந்தது. தேர்வைக் கண்காணிக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுவது என்பதைத் தேர்வு நாள் காலையிலேதான் அவர் கண்டார். அண்டை வீட்டுக் கணினியை இரந்து பெறுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அம்முறை அவர்க்குத் தேர்வு இல்லாது போயிற்று. "பரவாயில்லை, ஐயா" என்றார். கணினியைக் கையில் வாங்குமுன், "இதில் யாதுயாது செய்வாய்?" என்னும் ஒரு கேள்வியை யாம் கேட்டிருத்தல் வேண்டும். அன்றுமுதல், எவர் பொறியிலும் விண்டோஸை முற்றும் நீக்குவதில்லை.

நம் மாநிலத்தில் இம்முயற்சி புதியதன்று. 2006, 2007-ஆம் ஆண்டுகளிலேயே அரசின் எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸை மேற்கொள்ளத் தொடங்கிற்று. 2007-இல் சி-டாக் நிறுவனத்தார் சென்னையினின்றும் டெபியனை அடியாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டனர். 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திற் பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு உடன்வந்தது. யாம் கண்டவரை, பெற்றவருட் பெரும்பாலார் அதனை ஒருமுறையும் திறந்தாரில்லை. இடத்தை அடைக்கின்றதென்று அழித்தவரே மிகுதி. அதனைக் கற்பிப்பார் பள்ளியில் இல்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், ஆசிரியர்க்குப் பயிற்சியும் பாடநூலும் லினக்ஸிலேயே அமைத்தது. அங்கே அது நிலைத்தது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியோ 2003-இல் லினக்ஸைத் தேர்ந்து பல்லாண்டு முயன்று மாறியும், 2017-இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. ஆதலின் ஒருமுறை நிறுவுதலோடு இவ்வேலை முடிந்ததென்று எவரும் கருதற்க.

தாமும் முயல விரும்பும் மாணாக்கர்க்கு ஒருசில: முதலிற் கோப்புக்களை வேறொரு வட்டிற் படியெடுத்து வைத்துக்கொள்க. எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, கணினியில் எதனையும் மாற்றாமல் அதனின்றே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் இயங்குகின்றனவா என்று ஒருவாரம் பார்த்தபின் நிறுவுதல் நன்று. தமிழிற் படிக்க விரும்புவோர்க்கு 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும், அவர்கள் வெளியிட்ட 'எளிய தமிழில் க்னூ/லினக்ஸ்' என்னும் நூலும் விலையின்றிக் கிடைக்கும்.

எம் துறையில் ஆறு பொறிகளும் இவ்வாண்டு ஆய்வேட்டுக் காலத்தைக் கடந்துவிட்டன. பழைய லேசர் அச்சுப்பொறி மட்டும் இன்னும் இணங்கவில்லை. அதனை ஆக்கியோர் லினக்ஸிற்கு இயக்கி எழுதவில்லை. ஆகவே, அச்சிட வேண்டுவனவற்றைப் பி.டி.எஃப். ஆக்கி, விண்டோஸ் 11 ஓடும் ஏழாவது பொறிக்கு அனுப்பி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். மாலை நான்கு மணிக்குமேல் அதன்முன் வரிசை நிற்கும். அவசரமுள்ளோர் அதற்குமுன் வருக.